அப்படியே

கணினி பழுது பார்க்கிறவர்களிடம் ஆட்கள் அதிகம் சொல்கிற சொல் ‘அப்படியே’ என்பதாகத்தான் இருக்கும். “புது ஹார்ட் டிஸ்க் போட்டுருங்க, ஆனா எல்லாம் அப்படியே இருக்கணும்.” சொல்கிறவருக்கு இது டயர் மாற்றுவது போன்ற வேலை. செய்கிறவருக்கும் பல நேரம் அவ்வளவுதான். பழைய தட்டையும் புதிய தட்டையும் ஒரே கணினியில் மாட்டி, நகலெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். குளோன்ஸில்லா போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

அலுவலக நேரம் போக, தெரிந்தவர்களின் கணினிகளைப் பல வருடங்களாகப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அதனால் இந்தச் சொல்லைப் பல நூறு தடவை கேட்டிருப்பேன். கேட்கக் கேட்க அது அவ்வளவு எளிய சொல்லாகத் தெரியவில்லை. எது அப்படியே? யாருக்கு அப்படியே? தட்டு ஒருவருடையதாக இருந்து, கேட்கிறவர் இன்னொருவராக இருக்கும்போது இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட முடிவதில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தட்டு மாற்றும்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிய தட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துப் போடுவது. இன்னொன்று, பழையதை அச்சு மாறாமல் நகலெடுப்பது. முதல் வழி சுத்தமானது. பத்து வருடமாகச் சேர்ந்த குப்பை, பாதி நீக்கப்பட்ட மென்பொருள், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட வைரஸ் எதுவும் கூடவே வராது. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவது வழியில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ மாறிய குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு லாரிதான். அம்மியை ஏற்றுவதா, ஆட்டுக்கல்லை ஏற்றுவதா, பாட்டியின் மரப்பெட்டியை விட்டுவிட்டுப் போவதா என்று வாசலில் நின்று சண்டை போட்டார்கள். இடம் இல்லாததால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கணினியில் அந்தக் கட்டாயம் நமக்கு இல்லாமல் போய்விட்டது. 1956ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டில் ஐம்பது பெரிய வட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் சேமிக்க முடிந்தது ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று சட்டைப் பையில் போடுகிற 500 ஜிபி தட்டு அதைப்போல ஒரு லட்சம் மடங்கு கொள்ளும். அதனால் நாம் எதையும் விட்டுவிட்டு வருவதில்லை. பலருடைய கணினிகளில் ‘பழைய கம்ப்யூட்டர்’ என்று ஓர் உறை இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு ‘பழைய கம்ப்யூட்டர்’ இருக்கும். உள்ளே போகப் போக 2005 வரைக்கும்கூட போகலாம். யாரும் போவதில்லை.

ஆக, அப்படியே என்பது பெரும்பாலும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கான வசதி. நம்முடைய தட்டு என்றால் அது நம்முடைய சோம்பல், வேறு யாருக்கும் நட்டமில்லை.

நகலெடுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. பலருக்கும் இது தெரியாது. கணினியில் ஒரு கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறோம். சாதாரண வன்தட்டில் அந்தக் கோப்பு அப்போதே மறைந்துவிடுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற பட்டியலில், இந்த இடம் இனி காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போவது மாதிரி. வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை அழித்தது அங்கேயே கிடக்கும். நகல் மென்பொருளிடம், பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் எடு என்று சொல்லலாம். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை ஒன்று விடாமல் எடு என்றும் சொல்லலாம். இரண்டாவது முறையில், அழிக்கப்பட்டதும் சேர்ந்து வரும். மீட்பு மென்பொருளைப் போட்டுத் தேடினால் அதில் கொஞ்சமாவது கிடைக்கும்.

இரண்டில் எது ‘அப்படியே’?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இறந்து ஒரு வருடம் கழித்து, அவருடைய மனைவி கூப்பிட்டார். கணினி திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்றார். போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 7, 320 ஜிபி வன்தட்டு. தட்டின் உடல்நிலையைக் காட்டும் அளவீடுகளில், கெட்டுப்போன துண்டுகளுக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இன்னும் படிக்க முடிகிற நிலையில்தான் இருந்தது. இப்படிப்பட்ட தட்டைப் பழுதுபார்க்க முயலக் கூடாது. ஒவ்வொரு முறை படிப்பதும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்னும். முதல் வேலை நகலெடுப்பதுதான்.

“எது முக்கியம்மா? போட்டோவா, வாத்தியார் எழுதி வச்சதா? மொதல்ல எத எடுக்கணும்?” என்று கேட்டேன்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. மூணாவது வரிசையில மஞ்சப் பெட்டி இருக்கும் பாருங்க, அதத் தொறந்தா அவரு எழுதுனது வரும். அது அங்கேயே இருக்கணும்.”

அவருக்குக் கோப்பின் பெயர் தெரியாது. திரையில் இருக்கும் இடம் தெரியும். கணவர் போன பிறகு மத்தியான வேளைகளில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பாராம். வாத்தியார் பல வருடமாக, தான் படிப்பித்த தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். எந்த லயம், எத்தனை பிள்ளைகள், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு எங்கே போனார்கள் என்ற விபரம் எல்லாம் இருந்தது. ‘பெயர்கள்’, ‘பெயர்கள் கடைசி’, ‘பெயர்கள் கடைசி புதியது’ என்று மூன்று கோப்புகள். பெரும்பகுதியை முரசு அஞ்சலின் பழைய எழுத்துருவில் தட்டியிருந்தார். யூனிகோடு பரவலாகும் முன்பு தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற இரண்டை முன்வைத்தது. அதற்கு முன்பே டிஸ்கி இருந்தது. அந்தக் காலத்துக் கோப்பை, எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு பத்திரமாக வந்துவிட்டது, ஒரு துண்டுகூடக் குறையவில்லை, ஆனால் அதில் எவர் பெயரும் இல்லை என்றாகிவிடும்.

சுத்தமாக நிறுவும் வழி இங்கே உதவாது என்று அப்போதே புரிந்தது. கோப்பு, எழுத்துரு, விசைப்பலகை, மூன்றாவது வரிசை எல்லாம் சேர்ந்ததுதான் அவர் விட்டுப்போனது. மூன்று ‘பெயர்கள்’ கோப்புகளில் எது கடைசி என்று நினைத்தார் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். அடுக்கி ஒழுங்குபடுத்துகிறேன் என்று நான் இரண்டை நீக்கினால், அவருடைய முடிவை நான் எடுத்ததாகிவிடும்.

அன்று இரவு அவருடைய மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தார். “அண்ணே, டிலீட் பண்ணதையும் சேத்து எடுத்துருங்க. அப்பா ராத்திரியில உக்காந்து என்னென்னமோ டைப் பண்ணுவாரு. நான் போனா மூடிருவாரு. என்ன எழுதுனாருன்னு தெரிஞ்சிக்கணும்.”

அது பேராசையோ வேவு பார்க்கும் ஆசையோ கிடையாது. அப்பாவோடு அதிகம் பேசாமலே வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய. இறந்த பிறகாவது பேச முடியுமா என்று ஒருவர் கேட்கும்போது, முடியாது என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் வாத்தியாரின் கணினியில் குப்பைத் தொட்டி காலியாக இருந்தது. அவர் ஒழுங்காக அதைக் காலி செய்து வைத்திருக்கிற மனிதர்.

மறுநாள் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். அழித்தது முழுக்க அழியவில்லை, எடுக்க முயலலாம், எடுக்காமலும் விடலாம் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரு இருந்தா என்ன சொல்லுவாருன்னு தெரியலையே தம்பி” என்றார்.

ஒன்று மாறியும் அதேவாக இருக்க முடியுமா என்பது பழைய கேள்வி. தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் வாதிட்டதை புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 1655ல் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது இரண்டு கப்பல்கள். எது தீசியஸுடையது? தட்டு மாற்றும்போது நடப்பது இதுதான். நகல் முடிந்ததும் மேசைமேல் இரண்டு தட்டுகள். துண்டுக்குத் துண்டு எடுத்த நகலென்றால் தட்டின் அடையாள எண் உட்பட எல்லாம் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு தட்டுகளை ஒரே நேரத்தில் மாட்டினால், ஒன்றை மட்டும் வேலை செய்யவிட்டு மற்றதை ஒதுக்கிவைத்துவிடும். கணினியைப் பொறுத்தவரை இரண்டு ‘அதே’ இருக்க முடியாது.

ஆனால் மேலைநாட்டுக் கப்பலைவிட நம்முடைய திருமூலர் கதைதான் இந்த இடத்தில் எனக்கு அதிகம் சொல்கிறது. பெரிய புராணம் சொல்கிற கதை. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே, மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று அழுவதைக் கண்டார். பசுக்களின் துயரம் தீர, தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்து மேய்ந்தன. மாலையில் வீடு திரும்பின. மூலனின் மனைவி வந்து கணவனைத் தொடப் போனாள். உனக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை என்று அவர் விலகிக்கொண்டார். பிறகு தம் பழைய உடலைத் தேடிப் போனார். அது அங்கே இல்லை.

திருமந்திரம் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு அந்த மனைவியைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. எழுந்து நின்றவர் மூலனா? பசுக்களைக் கேட்டால் ஆமாம். அவற்றுக்கு வேண்டிய கை, குரல், வீட்டுக்குப் போகும் வழி எல்லாம் திரும்பக் கிடைத்தன. மனைவியைக் கேட்டால் இல்லை. அவளுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. உடல் ஒன்றேதான், கேட்பவரைப் பொறுத்து பதில் மாறுகிறது. ‘அப்படியே’ என்பது பொருளின் குணமாக மட்டும் இருக்க முடியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அது ஒருவருக்குக் கொடுக்கிற வாக்கு. அம்மாவுக்கு அந்த வாக்கு மூன்றாவது வரிசை மஞ்சள் பெட்டி. மகனுக்கு அப்பா காட்டாமல் விட்டது. இந்த இரண்டையும் தவிர, கணக்கில் வராத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் வாத்தியார்.

ஒரு மனிதர் எதை வைத்துக்கொண்டார் என்பது போலவே, எதை அழித்தார் என்பதும் அவருடைய செயல். எழுதியதைப் படித்துப் பார்த்து, இது வேண்டாம் என்று முடிவு செய்து நீக்குவது சில சமயம் எழுதுவதைவிடக் கடினம். கடிதத்தைக் கிழித்துப் போட்டவர், கிழித்த கடிதத்தையும் நமக்கு எழுதியதாக ஆகாது. துண்டுக்குத் துண்டு நகல் முழுமையானதுதான். ஆனால் அந்த முழுமை, அவர் செய்த தேர்வுகளைச் செய்யாததுபோல ஆக்கிவிடுகிறது. அவர் அழித்ததும் வைத்ததும் அதில் ஒரே தகுதியோடு நிற்கும். அப்படிப் பார்த்தால், குறைவாக எடுக்கிற நகல்தான் அவருக்கு நெருக்கமானது.

இதற்கு எதிராக நண்பர் ஒருவர் சொன்ன வாதம் வலுவானது. “நம்ம ஆளுங்களப் பத்தி என்ன ஆவணம் இருக்கு? தோட்டத்து ஆபீஸ் ரெக்கார்டு போச்சு, பள்ளிக்கூடம் இடம் மாறுறப்ப பழைய ரெஜிஸ்டர் போச்சு. ஒரு வாத்தியார் எழுதுன ஒரு வரி கெடைச்சாலும் அது வரலாறு. நீ என்னடான்னா மரியாதை பாக்குற.” காஃப்காவையும் இழுத்தார். தன் எழுத்துகளை எரித்துவிடும்படி காஃப்கா நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டிருந்தார். 1924ல் காஃப்கா இறந்தார். பிராட் எரிக்கவில்லை. அடுத்த வருடமே ‘விசாரணை’ நாவல் வெளிவந்தது. பிராட் அந்த வேண்டுகோளை நிறைவேற்றியிருந்தால் உலகத்துக்கு அது இல்லை.

உண்மைதான். ஆனால் காஃப்கா அந்தக் கைப்பிரதிகளைத் தானே எரிக்கவில்லை. எரிக்கச் சொல்லி இன்னொருவரிடம் விட்டார். அந்த இடைவெளியில்தான் பிராடுக்கு முடிவெடுக்க இடம் கிடைத்தது. தன் கையாலேயே அழித்தவர் யாரிடமும் எதையும் விடவில்லை. அது இன்னும் கிடக்கிறது என்பது இயந்திரம் வேலை செய்யும் விதத்தால் வந்த விபத்து. நம் ஆவணங்கள் தொலைந்தது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. அந்த இழப்பைத் தனிமனிதர்களின் குப்பைத் தொட்டியைக் கிளறி ஈடுகட்ட வேண்டும் என்ற கடன் இறந்தவர்களுக்கு இல்லை. ஆவணமாக இருக்கட்டும் என்று வாத்தியார் நினைத்தது ‘பெயர்கள்’ கோப்பில் இருக்கிறது. முதலில் அதைப் படிக்க ஆள் வேண்டும்.

இதே நியாயத்தை ஒரு சங்கத்தின் கணினிக்கோ கோயில் நிர்வாகக் கணக்குக்கோ சொல்ல மாட்டேன். அங்கே அழிப்பவர் தன்னுடையதை அழிப்பதில்லை, மற்றவர்களுடையதை அழிக்கிறார். அங்கே அழிக்கப்பட்ட கோப்பு ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கலாம். விசாரணையாளர்கள் தட்டை முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை நகலெடுப்பது அதனால்தான். பொதுப் பணத்தின் கணக்கு முழுதாக வர வேண்டும். ஒரு மனிதர் இரவில் தனக்காகத் தட்டியது வர வேண்டியதில்லை. தட்டு ஒன்றேதான், அதில் இருப்பது யாருடையது என்பதைப் பொறுத்து ‘அப்படியே’ என்பதன் பொருள் மாறுகிறது.

ஆகவே, பயன்பாட்டில் இருந்த பகுதிகளை மட்டும் 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்தேன். எழுத்துரு, மஞ்சள் பெட்டி, மூன்று ‘பெயர்கள்’ கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே வந்தன. பழைய தட்டை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். “அழிச்சது இன்னமும் இதுல கெடக்கலாம். இதத் தொறக்குறதா, ஒடைக்கிறதா, அப்படியே அலமாரியில வைக்கிறதான்னு நீங்களும் தம்பியும் பேசி முடிவு பண்ணுங்க. அவசரம் இல்ல” என்றேன். மகனிடமும் அதையே சொன்னேன். பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டாய் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழுது பார்க்கிறவன் கையில் அந்தக் கேள்வி வந்து சேர்ந்ததே தற்செயல். அது போக வேண்டிய வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாவும் மகனும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்றால், அந்தப் பேச்சு மீட்பு மென்பொருள் கொண்டுவரும் எதையும்விடப் பயனுள்ளதாக இருக்கலாம்.

இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. வட்டு சுழலும் பழைய தட்டுகளின் காலம் வீடுகளில் முடிந்துவருகிறது. ஒரு காலத்தில் உலகத்துக்கே இவற்றைச் செய்து கொடுத்த இடங்களில் சிங்கப்பூரும் பினாங்கும் பெட்டாலிங் ஜெயாவும் உண்டு. தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மூடிக்கொண்டு, தூசி புகாத அறையில் நின்று இவற்றைக் கோத்த பெண்களில் நம் அக்காமார்களும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018ல் அறிவித்தார்கள். புதிய எஸ்.எஸ்.டி.களில் அழித்த இடத்தை உடனே தெரியப்படுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதற்குப் பிறகு தட்டே அந்த இடத்தைத் துடைத்துவிடும். பெரும்பாலும் மீட்க முடியாது. நான் இவ்வளவு யோசித்த கேள்வியை அடுத்த தலைமுறை இயந்திரம் நமக்குப் பதிலாக முடிவு செய்துவிடுகிறது. அழித்தால் அழிந்தது.

அது ஒரு வகையில் நல்லது. ஆனால் மற்ற பாதிக் கேள்வி அப்படியே இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யும் ஒரு நாள் போகும். அதையும் யாராவது மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது விண்டோஸ் 7ஐ ஏற்றுக்கொள்ளும் கணினி கிடைக்காமல் போகலாம். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டிய நாள் வரும். வாத்தியாரை அறியாத ஒருவர் அந்த வேலையைச் செய்வார். கோப்புகள் அநேகமாகத் தப்பிவிடும். மூன்றாவது வரிசையில் என்ன இருந்தது என்று சொல்லவும், மாற்றிய பிறகு பார்த்துவிட்டு இது அப்படியே இல்லையே என்று குறை சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும்வரைதான் அது வாத்தியாருடைய கணினி.